வெளிநாட்டு விடுமுறை வீட்டைக் காலி செய்யும்போது: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் விடுமுறை வீட்டுக்கு விலை பேசி முடித்துவிட்டோம். காலி செய்யப் புறப்படுகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெட்டி கட்டுவதை அப்புறம் பார்க்கலாம். விற்பனை ஒப்பந்தத்தோடு ஒரு சாமான் பட்டியலை இணைக்கச் சொல்லுங்கள். கட்டில், மெத்தை, அலமாரி, பாத்திரம் என எவையெல்லாம் வீட்டோடு போகின்றன என்று அதில் இருக்கட்டும். இரு தரப்பும் கையெழுத்திடட்டும். அந்தச் சாமான்கள் அந்த வீட்டுக்கென்றே வாங்கியவை. ஊரில் உங்களிடம் அதே பொருள் ஏற்கெனவே இருக்கும். முடிந்தவரை விட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கேள்வி: மனசு கேட்கவில்லை. சிலவற்றையாவது கப்பலில் அனுப்ப விரும்புகிறோம்.

பதில்: அனுப்புங்கள். ஆனால் முழு கன்டெய்னர் வேண்டாம். 20 அடி கன்டெய்னரில் ஏறக்குறைய 33 கனமீட்டர் கொள்ளும். நீங்கள் எடுத்துவருவது அதில் ஒரு மூலைக்குத்தான் வரும். பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும் பங்கு கன்டெய்னரே போதும். நாள் கூடும், செலவு குறையும்.

கவனிக்க வேண்டியது சுங்கம். குடிபெயர்ந்து திரும்புபவர்களின் பயன்படுத்திய சாமான்களுக்குப் பல நாடுகள் வரிச்சலுகை தருகின்றன. நீங்களோ அங்கே குடியிருந்தவர் அல்லர், விடுமுறைக்குப் போய்வந்தவர். அதனால் அந்தச் சலுகை உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். பணம் கட்டுவதற்கு முன்பே சுங்கத்துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிப் பட்டியலில் ‘இதர பொருள்கள்’ என்று எழுதாதீர்கள். ‘மேசை விளக்கு, பித்தளை, பழையது, 1’ என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள்.

மரப்பெட்டியில் கட்டினால் கோதுமைக்கதிர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி பரவாமலிருக்க மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியோ புகையூட்டியோ பதப்படுத்தியதற்கு அது அடையாளம். முத்திரை இல்லாத பெட்டி துறைமுகத்திலேயே நின்றுவிடலாம்.

கேள்வி: பிள்ளைகள் கடற்கரையில் பொறுக்கிய சங்கு, பவளத்துண்டுகள் ஒரு கூடை நிறைய இருக்கின்றன. எடுத்துவரலாமா?

பதில்: பவளத்தைத் தொடாதீர்கள். பல பவள வகைகள், தந்தம், ஈட்டி மரம் போன்றவை அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும், 1975-இல் நடைமுறைக்கு வந்த ‘சைட்டிஸ்’ உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளன. அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால் பறிமுதல் செய்துவிடுவார்கள். சங்கிலும் சில வகைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. கூடையைப் படம் எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். சங்குகள் கடற்கரைக்கே திரும்பட்டும்.

கேள்வி: பத்திரப்பதிவுக்கு நேரில் போக முடியாவிட்டால்?

பதில்: நம்பிக்கையான வழக்கறிஞருக்கு, இந்த விற்பனைக்கு மட்டும் செல்லும்படி அதிகாரப் பத்திரம் கொடுங்கள். இரு நாடுகளும் 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இருந்தால், ஆவணம் உண்மையானது என்று பிற நாட்டுக்குச் சான்று சொல்லும் ‘அப்போஸ்டில்’ முத்திரை போதும்.

கேள்வி: கிளம்பும்போதே வங்கிக் கணக்கை மூடிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. கடைசி மின்கட்டணம் அதிலிருந்துதான் போகும், திரும்பவேண்டிய முன்பணம் அதில்தான் வரும். விற்பவர் வெளிநாட்டவர் என்றால் விலையில் ஒரு பகுதியை வாங்குபவரே பிடித்து வரித்துறைக்குக் கட்டும் வழக்கமும் பல நாடுகளில் உண்டு. ஸ்பெயினில் 3 சதவீதம், அமெரிக்காவில் பொதுவாக 15 சதவீதம். வரிக் கணக்குத் தாக்கல் செய்து, மிகுதி இருந்தால் திரும்பப் பெறலாம். அதுவரை வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கட்டும். சாவி கொடுக்கும் நாளில் மின், தண்ணீர் மீட்டர்களை எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு அந்த வீட்டைப் பிரிய மனமே இல்லை. பேச்சை எடுத்தாலே கண் கலங்குகிறார். என்ன செய்யலாம்?

பதில்: அவர் கலங்குவது நியாயம். பிள்ளைகள் வளர்ந்த கோடைக்காலமெல்லாம் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. கடைசி நாள்வரை பெட்டி கட்டிக்கொண்டிருந்தால் அழக்கூட நேரம் இருக்காது. அதனால் மூட்டை முடிச்சு வேலையை இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் மாலையில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். டாக்ஸி வாசலில் நிற்கும்போது சொல்லிக்கொண்டு வருவது விடைபெறுவதே ஆகாது. கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்திருப்பீர்களே? நீளமான காகிதத்தை நிலையோடு ஒட்டவைத்து, ஒவ்வொரு கோட்டையும் தேதியோடு பென்சிலால் நகலெடுங்கள். சுருட்டினால் கைப்பையில் அடங்கும்.

புதிதாக வருபவருக்கு உங்கள் மனைவியையே ஒரு குறிப்பு எழுதச் சொல்லுங்கள்: மழையில் எந்த ஜன்னல் இறுகும், தண்ணீர்க் குழாயின் தலைமைத் திருகு எங்கே, எந்தச் செடிக்கு வெயில் ஆகாது என்று. அந்த வீட்டை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

கேள்வி: சாவி கொடுப்பதற்கு முன் ஏதேனும் விட்டுப்போகுமா?

பதில்: குளிர்பதனப் பெட்டியைக் காய வைத்துக் கதவைத் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த மாற்றுச் சாவியைக் கேட்டு வாங்குங்கள். தொலைக்காட்சியில் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். வீட்டுக் காப்பீட்டைப் பதிவு முடிந்தபிறகு ரத்து செய்யுங்கள், ஒரு நாள்கூட முன்னதாக வேண்டாம்.