லங்காவியில் ஒரு பகல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் போகிறோம். மலேசியத் தீவான லங்காவியில் காலை 8 மணிக்கு நின்று மாலை 5 மணிக்குக் கிளம்பும் என்கிறார்கள். நான், கணவர், 70 வயது மாமியார். தீவு முழுவதையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: முடியாதுங்க. அந்த ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனால்தான் எதையாவது உருப்படியாகப் பார்ப்பீர்கள். காகிதத்தில் 9 மணி நேரம், ஆனால் வரிசையில் நின்று இறங்கவே ஒரு மணி நேரம் போய்விடும், கிளம்புவதற்கு அரை மணி முன்னாலேயே ஏறு என்பார்கள், அதற்கும் ஒரு மணி முன்னால் துறைமுகத்துக்கு வந்துவிடுவதுதான் நிம்மதி. ஆக, கையில் இருப்பது ஆறு, ஆறரை மணி நேரம்.

நான் முதல் தடவை போனபோது ஐந்து இடம் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னதை நம்பி வண்டியில் ஏறிவிட்டேன். குவா ஊரில் இருக்கும் கழுகுச் சிலைக்குப் பத்து நிமிடம், ஏதோ ஒரு சாக்லேட் கடைக்கு முக்கால் மணி நேரம், கேபிள் காருக்குப் போய்ச் சேர்ந்தபோது வரிசை வாசலைத் தாண்டி நின்றது. மலையைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். இன்னொரு தடவை போய்த்தான் அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கப்பல்கள் நிற்கும் தஞ்சோங் மாலாய் துறை, தீவின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. குவா தென்கிழக்கில், கிலிம் சதுப்புக்காடு வடகிழக்கில். கேபிள் கார் இருக்கும் மாச்சிஞ்சாங் மலையும் செனாங் கடற்கரையும் மேற்கே, அதாவது உங்கள் பக்கத்திலேயே. அதனால் மேற்கை மட்டும் பாருங்கள். இறங்கியதும் நேராக மலைக்கு, அப்புறம் செனாங்கில் ஆற அமரச் சாப்பாடு, அங்கிருந்து கப்பல் பக்கம்தான். கைபேசிச் செயலியில் அழைக்கும் கிராப் வாடகை வண்டி தீவில் ஓடுகிறது.

மலைக்குக் காலையிலேயே போகச் சொல்வதற்குக் காரணம் மேகம். 700 மீட்டருக்கு மேல் போகிறது மேல் நிலையம். வானம் தெளிவாக இருந்தால் வடக்கே தாய்லாந்துத் தீவுகள் வரை தெரியும், மேகம் மூடினால் பக்கத்தில் நிற்பவர் முகம்கூட மங்கல்தான். காற்று பலமாக அடித்தால் கேபிள் காரையே நிறுத்திவிடுவார்கள், அதனால் கிளம்பும் முன் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலே ஒற்றைத் தூணில் தொங்கும் 125 மீட்டர் நீள வளைந்த பாலம் உண்டு, அதற்குத் தனிச் சீட்டு. பாலத்துக்கு நடந்து போகும் வழி முழுக்கப் படிகள், மாமியாருக்கு வேண்டாம். நடக்க முடியாதவர்களுக்கு ஸ்கைகிளைடு என்ற சிறு வண்டி இருக்கிறது, அதற்கும் தனியாகக் கட்ட வேண்டும். ஆனால் பாலத்துக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பெட்டியில் உட்கார்ந்து செங்குத்தாக மேலே ஏறும் கால் மணி நேரமே அவருக்குப் போதும். கீழே தெரியும் அந்தப் பாறை சுமார் 55 கோடி ஆண்டு பழையது, மலேசியாவிலேயே மிகப் பழைய பாறைகளில் ஒன்று. 2007-ல் யுனெஸ்கோ இந்தத் தீவுக்கூட்டத்தைப் புவிப்பூங்காவாக ஏற்றதற்கு இதெல்லாம்தான் காரணம்.

கேள்வி: மலை ஏறுவதில் ஆர்வம் இல்லை. மசூரி சமாதி பார்க்கத் தகுந்ததா?

பதில்: கதை தெரிந்து போனால் கண்டிப்பாக. தெரியாமல் போனால் ஒரு சமாதி, ஒரு மரவீடு, ஒரு கிணறு, அவ்வளவுதான். கணவன் போருக்குப் போயிருந்தபோது மசூரி என்ற பெண் மீது நடத்தை கெட்டவள் என்று பழி சுமத்தி, கிரிஸ் கத்தியால் குத்திக் கொன்றார்கள். காயத்திலிருந்து வெள்ளை ரத்தம் வந்ததாம். ஏழு தலைமுறைக்கு இந்தத் தீவு உருப்படாது என்று சபித்துவிட்டுச் செத்தாளாம். அதற்குப் பின் 1821-ல் சயாம் (இன்றைய தாய்லாந்து) படை வந்தது, எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்களே நெல்லைக் கொளுத்தினார்கள் என்று சொல்லி பாடாங் மட்சிராட் என்ற ஊரில் அந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். கண்ணகி கதை கேட்டு வளர்ந்த நமக்கு அங்கே நிற்கும்போது தொண்டை அடைக்கும், எனக்கு அடைத்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், லங்காவி இருப்பது கெடா மாநிலத்தில். ராஜேந்திர சோழன் 'கடாரம் கொண்டான்' என்று பெயர் வாங்கினானே, அந்தக் கடாரம்தான்.

கேள்வி: கிலிமில் படகில் போய்க் கழுகுக்குத் தீனி போடலாம் என்று விளம்பரத்தில் பார்த்தோம். குழந்தைகளுக்குப் பிடிக்குமே?

பதில்: பிடிக்கும், அதுதான் எனக்குக் கவலை. நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்துதான் அது. லங்காவி என்ற பெயரே மலாயில் கழுகையும் செம்பழுப்பு நிறத்தையும் குறிக்கும் சொற்களிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மீன் பிடித்துத் தின்ன வேண்டிய பறவையை, படகு எஞ்சின் சத்தம் கேட்டதும் கோழித் தோலுக்காக வட்டமடிக்கப் பழக்கியிருக்கிறோம். படகை அமர்த்தும்போதே தீனி போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், போடாமலும் பருந்து தெரியும். அலையாத்தி மரங்களையும் சுண்ணாம்புப் பாறைகளையும் குழந்தைகள் நிதானமாகப் பார்க்கட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை, கிலிமுக்குப் போனால் மலையை மறந்துவிடுங்கள். போக வர, படகு எல்லாம் சேர்த்துப் பகல் முடிந்துவிடும்.

கேள்வி: வரியில்லாத தீவாமே, பாட்டில் வாங்கி வரலாமா?

பதில்: 1987-லிருந்து வரியில்லாத தீவுதான். ஆனால் சிங்கப்பூரில் முடியும் பயணம் என்றால் யோசியுங்கள், மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு அங்கே மதுவுக்கு வரிச் சலுகை கிடையாது. சாக்லேட் வாங்குங்கள்.

கேள்வி: கப்பலைத் தவறவிட்டால்?

பதில்: கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் காத்திருப்பார்கள். நீங்களாகப் போனால் காத்திருக்க மாட்டார்கள், அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது கடிகாரத்தில்தான். சிங்கப்பூருக்கும் லங்காவிக்கும் ஒரே நேரம், ஆனால் அதே பயணத்தில் தாய்லாந்தின் புக்கெட்டும் இருந்தால் அங்கே ஒரு மணி நேரம் பின்தங்கியது. கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கப்பல் தன் நேரத்தை மாற்றாமலே இருக்கலாம். 'நாலரைக்கு ஏறணும்' என்றால் எந்த நாலரை என்று இறங்கும் வாசலில் கேளுங்கள். கப்பல் நேரம் வைத்த சாதாரண கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு இறங்குங்கள், கப்பல் அட்டையை எல்லாரும் அவரவர் கையிலேயே வைத்திருங்கள்.