நாற்பது வயதும் நாற்பது உதவிகளும்

கேள்வி: அடுத்த மாதம் எனக்கு நாற்பது வயது நிறைகிறது. விருந்து வைக்காமல், அன்று முன்பின் அறியாத நாற்பது பேருக்குச் சிறு உதவிகள் செய்ய ஆசை. 'இதெல்லாம் விளம்பரம்' என்கிறாள் தங்கை. எனக்கோ, அறிமுகமில்லாதவர்கள் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயக்கம். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாகச் செய்யுங்கள். நாற்பது என்ற கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். 'இன்னும் பதினேழு பேர் பாக்கி' என்ற பதைப்போடு தெருவில் நடந்தால், எதிரே வருபவரின் தேவை கண்ணில் படாது.

மருத்துவமனையில் ஒரு பெரியவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூச்சம், பேனாவும் இருக்காது. 'நான் எழுதித் தரட்டுமா, ஐயா?' என்று கேளுங்கள். சரி என்றால் அருகில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல நிரப்பி, ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு எழுந்து வாருங்கள். அரைமணி நேரம் ஆனாலும் ஆகட்டும். அன்று உங்கள் பிறந்தநாள் என்று அவருக்குத் தெரியவே வேண்டாம். வேண்டாம் என்று மறுத்தால் வற்புறுத்தாமல் விலகிவிடுங்கள். கேட்டுவிட்டுச் செய்கிற உதவியை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வும் உங்கள் தயக்கத்தைப் பற்றியதுதான். சிறு உதவி செய்கிறவர்கள், அது பெறுபவருக்குத் தரும் மகிழ்ச்சியைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள்.

தங்கை சொல்வதில் நியாயம் உண்டா? படம் எடுத்துப் போட்டால் உண்டு. உதவி பெறுகிறவர் தன் இக்கட்டை ஊர் பார்க்கச் சம்மதிக்கவில்லையே! கைபேசி பையிலேயே இருக்கட்டும்.

உடல்நிலை இடம்கொடுத்தால் ரத்த தானமும் செய்யலாம். யாருக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது, யார் தந்தது என்று அவருக்கும் தெரியாது. இதைவிட நல்ல பிறந்தநாள் காரியம் எனக்குத் தோன்றவில்லை. ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் பிறந்தது 1868 ஜூன் 14. அந்தத் தேதியைத்தான் உலக ரத்த தான நாளாகக் கொண்டாடுகிறார்கள். மாத்திரை ஏதும் சாப்பிடுபவராக இருந்தால் ரத்த வங்கியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். ரத்தம் கொடுத்த கையால் அன்று கனமான எதையும் தூக்கக் கூடாது. அதனால் பிறர் சுமையைத் தூக்கிக் கொடுக்கும் எண்ணமிருந்தால் அதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.