ஆன்மிக இதழ் ஆசிரியருக்கு முதல் மெயிலில் என்ன எழுதலாம்?

கேள்வி: "எனக்குத் தெரிந்த ஒரு கோயிலைப் பற்றிப் பக்தி இதழில் எழுத ஆசை. முழுக் கட்டுரையையும் எழுதி அனுப்பிவிடலாமா, முதலில் ஆசிரியரிடம் கேட்க வேண்டுமா? கேட்பதென்றால் எப்படிக் கேட்பது?"

முதலில் கேளுங்கள். செல்போன் திரையில் இரண்டு முறை தள்ளினால் முடிந்துவிடும் அளவுக்குள் கேளுங்கள். கும்பகோணம் பக்கத்துக் கோயில்களைப் பற்றிப் பதினோரு வருஷமாக எழுதிவருகிறேன். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் நான் அனுப்பிய மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை. தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் பக்தி, ஆற்றங்கரையின் அழகு, 'இத்தலத்தின் மகிமை சொல்லில் அடங்காது' என்று மூன்றிலும் ஒரே சங்கதி. படித்த ஆசிரியருக்கு என்னைப் பற்றித் தெரிந்திருக்கும். கட்டுரையில் என்ன வரப்போகிறது என்பது மட்டும் தெரிந்திருக்காது. நாலாவது முறை, கும்பகோணம் பக்கத்துத் திருப்புறம்பியம் கோயிலுக்காக இப்படி எழுதினேன்:

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். திருப்புறம்பியம் சாட்சிநாதர் கோயிலில் பிரளயம் காத்த விநாயகருக்கு ஆண்டுக்கு ஒருமுறை, விநாயகர் சதுர்த்தி இரவில் மட்டும் தேனாபிஷேகம். ஊற்றும் தேன் திருமேனிக்குள்ளேயே சுவறிவிடும் என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. அந்த இரவுக்குத் தேன் கொண்டுவருபவர்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். சென்ற ஆண்டு விடிய விடிய அங்கே இருந்தேன். வேண்டுதல் நிறைவேறித் தேனோடு வந்த நான்கு குடும்பங்களிடம் பேசியிருக்கிறேன். பெயரோடு வெளியிடச் சம்மதித்திருக்கிறார்கள். 600 சொற்கள், கோபுரமும் பிராகாரமும் அடங்கிய ஆறு படங்கள். சதுர்த்தி இதழுக்குப் பொருந்துமென்றால் பத்து நாளில் அனுப்புகிறேன். இது என் சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளிவரவில்லை."

கீழே பெயர், ஊர், செல் நம்பர். மறுநாள் மாலையே துணையாசிரியர் போனில் அழைத்தார்.

இதில் வேலை செய்தது 'தேன் கொண்டுவருபவர்கள்' என்ற இடம்தான் என்று இன்றும் நம்புகிறேன். தேவார மூவரும் பாடிய தலம் அது. வருணன் சங்கு, கிளிஞ்சல், கடல்நுரை கொண்டு பிள்ளையாரைச் செய்து வழிபட்ட புராணம் எத்தனையோ முறை அச்சாகிவிட்டது. ஆசிரியர் மேஜையில் தல புராணத்துக்குப் பஞ்சமே கிடையாது. நீங்கள் போய் நின்று, பார்த்து, கேட்டு வந்த ஒன்றுதான் அவருக்குக் கிடைக்காதது. அதை முதல் மூன்று வரிக்குள் வைத்துவிடுங்கள்.

கி.பி. 880 வாக்கில் நடந்த திருப்புறம்பியப் போரையும் அதே கடிதத்தில் சேர்க்கக் கை துறுதுறுத்தது. பாண்டியன் வரகுணனைப் பல்லவன் அபராஜிதன் வென்ற போர். பல்லவன் பக்கம் நின்ற கங்க மன்னன் பிருதிவீபதி அதில் உயிரை விட்டான். அந்த ஊரில் உள்ள பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயில், அவனோடு சேர்த்துப் பேசப்படுகிறது. அருமையான விஷயம்தான், ஆனால் வேறு கட்டுரை. பிற்பாடு அதைத் தனிக் கடிதமாக, வரலாற்றுப் பக்கம் உள்ள இன்னொரு இதழுக்கு அனுப்பினேன்.

அடுத்து, எந்த இதழ் என்பது. மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்திலிருந்து 1921 முதல் வரும் ஸ்ரீ ராமகிருஷ்ண விஜயத்துக்கு 'திருமணத் தடை நீக்கும் தலம்' என்று எழுதுவது வீண். அங்கே சுவாமி விவேகானந்தரின் சிந்தனையும் இளைஞர்களுமே முன்னே நிற்பார்கள். அதே கட்டுரையைப் பரிகாரத் தலங்களுக்குப் பக்கம் ஒதுக்கும் மாதமிருமுறை இதழ் விரும்பி வாங்கலாம். குறைந்தது நான்கு இதழ்களை வாங்கி, அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டு எழுதுங்கள்.

சொற்களில்தான் பலர் சறுக்குகிறார்கள், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெருமாள் கோயிலைப் பற்றிய கடிதத்தில் 'குருக்கள் அபிஷேகம் செய்தார்' என்று இருந்தால், வைணவ ஆசிரியர் அங்கேயே நிறுத்திவிடுவார். அங்கே குருக்கள் அல்ல, பட்டர்; அபிஷேகம் அல்ல, திருமஞ்சனம்; நைவேத்தியம் அல்ல, தளிகை. கிறிஸ்தவ இதழ்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புகிறவர்களும் உண்டு. கத்தோலிக்க வார இதழான நம் வாழ்வுக்குத் திருப்பலி, விவிலியம், அருட்பணியாளர் என்றுதான் எழுத வேண்டும். சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபை (புராட்டஸ்டன்ட்) வட்டாரத்தில் ஆராதனை, வேதாகமம், போதகர். 'ஆயர்' என்ற ஒரே சொல் கத்தோலிக்கருக்குப் பிஷப்பைக் குறிக்கும், சி.எஸ்.ஐ. சபையில் பல இடங்களில் உள்ளூர்ப் போதகரையே குறிக்கும். சமரசம் போன்ற இஸ்லாமிய இதழுக்கு எழுதும்போது நபிகளின் பெயரை அடுத்து, அவருக்கான வாழ்த்தின் சுருக்கமான '(ஸல்)' விடுபடக் கூடாது. இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். அந்த வாசகர்கள் தினமும் உச்சரிக்கும் சொற்களை மதிக்கிறீர்களா என்பதை ஆசிரியர் இங்கேதான் பார்க்கிறார். வேற்று மதத்தவர் எழுதுவதில் தடையொன்றும் இல்லை. நாகூர் தர்காவைப் பற்றியோ வேளாங்கண்ணியைப் பற்றியோ அன்போடு எழுதிய இந்து நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் முதல் வரியிலேயே தாம் யார் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார்கள்.

பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்பே மெயில் போய்ச் சேர வேண்டும். ஆடி அம்மன் சிறப்பிதழுக்கு ஆடி பிறந்தபின் கேட்டால், அப்போது அவர்கள் புரட்டாசி வேலையில் இருப்பார்கள். ரமலான் நம் காலண்டரில் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

படம் பற்றி ஒரு எச்சரிக்கை. மூலவரைப் படமெடுக்கப் பல கோயில்களில் அனுமதி கிடையாது. திருட்டுத்தனமாக எடுத்ததை இணைக்காதீர்கள். கோயிலாரோடு இதழுக்குச் சங்கடம் வரும். செயல் அலுவலரிடம் அனுமதி வாங்கி எடுத்திருந்தால் அதை ஒரு வரியில் சொல்லுங்கள். நடை திறக்கும் நேரம், பஸ் வழி போன்றவை கட்டுரையோடு போனால் போதும். டைப் அடிப்பது யூனிகோடில் இருக்கட்டும்.

'என் வாழ்வில் இந்தத் தெய்வம் செய்த அற்புதம்' என்று எழுதப்போகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். நோய் தீர்ந்த கதையில் டாக்டர் பார்த்த வைத்தியத்தை மறைக்காதீர்கள். ஆசிரியர் கேட்கத்தான் கேட்பார். அதைவிட, அதே நோயோடு படிக்கும் ஒருவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

சன்மானத்தை முதல் கடிதத்தில் கேட்க வேண்டாம். கட்டுரையை ஏற்றபின் கேட்பதில் தவறில்லை. சபைகளும் மடங்களும் நடத்தும் சிறிய இதழ்கள் சில பிரதிகள் மட்டுமே தருவதுண்டு.

மூன்று வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால், 'இதை வேறு இதழுக்கு அனுப்புகிறேன்' என்று இரண்டு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள். சொல்லாமல் ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பி, இரண்டிலும் ஒரே மாதம் வெளிவந்து, இரண்டு கதவும் சாத்தப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். நன்றாக எழுதக்கூடியவர்.

நீங்கள் எழுத நினைக்கும் கோயில் எது, அங்கே நீங்களே பார்த்தது என்ன என்று கமென்டில் சொன்னால், முதல் மூன்று வரியைச் சேர்ந்து யோசிக்கலாம்.