மூடி ஒட்டிய பிறகு அறுங்கள்: ஒளிரும் சினிமாப் பெட்டியை வீட்டில் செய்வது

கேள்வி: ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தில் வருமே, திறந்தால் உள்ளிருந்து பொன்னிற வெளிச்சம் அடிக்கும் கைப்பெட்டி, அதைப் போல ஒன்றை வீட்டில் செய்துகொண்டிருக்கிறேன். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் மூடியையும் அடிப்பெட்டியையும் தனித்தனியாகச் செய்தேன். சேர்த்துப் பார்த்தால் ஒரு மூலையில் 3 மி.மீ. விலகி நிற்கிறது. உள்ளே ஒட்டிய எல்.இ.டி. பட்டை புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. மற்ற நாட்களில் கேமரா லென்ஸ் வைக்கலாம் என்று ஒரு ஃபோம் தட்டும் வெட்டினேன், விளிம்பெல்லாம் எலி கடித்த மாதிரி இருக்கிறது. இதையே சரிசெய்யலாமா, புதிதாகத் தொடங்கலாமா? பெட்டியின் அளவையும் ஊகத்தில்தான் வைத்தேன்.

பதில்: புதிதாகத் தொடங்குங்கள். உப்புத்தாளால் தேய்த்துத் தீர்க்க 3 மி.மீ. விலகல் மிக அதிகம். எம்.டி.எஃப். இந்த வேலைக்குப் பொருந்தாது என்பது இன்னொரு காரணம். அதன் விளிம்பில் ஸ்க்ரூ பிடிக்காது, ஈரம் பட்டால் உப்பும், கனமும் அதிகம். 45 × 33 × 12 செ.மீ. பெட்டியை 6 மி.மீ. பிளைவுட்டில் செய்தால் வெறும் கூடு ஒன்றே முக்கால் கிலோ அளவில் நிற்கும். எம்.டி.எஃப். என்றால் அதில் இன்னொரு அரைக் கிலோ கூடும். கையில் தூக்கி நடக்கும் பெட்டியில் அது நன்றாகவே தெரியும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய கைப்பெட்டி ஒன்று கிடைத்தால் அதை வாங்கி உள்ளே விளக்கு மட்டும் பொருத்துவது ஏமாற்று வேலை இல்லை. படப்பிடிப்புக்குப் பொருள் செய்கிறவர்கள் தினமும் செய்வதுதான் அது. ஆனால் உங்களுக்கு மரவேலையே பிடித்திருக்கிறது என்று கேள்வியிலேயே தெரிகிறது. சரி, மரத்திலேயே போவோம்.

முதலில் அளவு. படத்தை நிறுத்திப் பார்க்கும்போது, பெட்டி திரையின் நடுவில், கேமராவுக்கு நேர்முகமாக இருக்கும் காட்சியைத் தேடுங்கள். சாய்வாகத் தெரியும் பெட்டியை அளந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. நேர்முகக் காட்சியில் கிடைப்பது நீள அகல விகிதம்தான். அதை மில்லிமீட்டர் ஆக்க, பெட்டியின் முகத்தோடு ஒரே தளத்தில் இருக்கும், அளவு தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். பெட்டி மேல் ஏ4 தாள் கிடந்தால் அதன் நீளம் 297 மி.மீ., வங்கி அட்டை என்றால் 85.6 மி.மீ. உதாரணமாக, திரையில் தாளின் நீளம் 180 புள்ளி (பிக்சல்), பெட்டியின் நீளம் 270 புள்ளி என்றால், 297-ஐ 180-ஆல் வகுத்து 270-ஆல் பெருக்குங்கள், சுமார் 445 மி.மீ. வரும். அப்படிப் பொருள் எதுவும் இல்லாவிட்டால் கைப்பிடியைப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள். வளர்ந்த ஆணின் உள்ளங்கை அகலம் பெரும்பாலும் 8 முதல் 9 செ.மீ. வரை இருக்கும். இதில் சில சதவீதம் பிசகும், பரவாயில்லை. ஒரே படத்தில் ஒரே பொருளுக்குப் பல பிரதிகள் இருப்பது வழக்கம். நெருக்கக் காட்சிக்கு ஒன்று, தூக்கி எறிய இன்னொன்று. காட்சிக்குக் காட்சி அளவு மாறினால் உங்கள் கண்ணைச் சந்தேகப்பட வேண்டாம்.

அளவு முடிவானதும் பலகையை வெட்டப் போகாதீர்கள். கீல், கொண்டிப் பூட்டு, எண் பூட்டு, கைப்பிடி எல்லாவற்றையும் வாங்கி மேசை மேல் வைத்துவிட்டுத்தான் வரைபடம் போட வேண்டும். பலகையை உங்கள் இஷ்டப்படி வெட்டலாம், பூட்டை வெட்ட முடியாது. கொண்டியின் மேல்பாதி 22 மி.மீ. உயரம் என்றால், மூடியின் பக்கச்சுவர் அதைத் தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். பெட்டியை முடித்துவிட்டுப் பூட்டு தேடுகிறவர்கள் கடைசியில் பொருந்தாத பூட்டோடு சமரசம் செய்துகொள்கிறார்கள். பெட்டியைப் பார்க்கிறவர் கண் முதலில் போவதும் அந்தப் பூட்டில்தான்.

இப்போது உங்கள் முக்கியப் பிரச்சினை. மூடியையும் அடிப்பெட்டியையும் தனித்தனியாகச் செய்தால் அவை பொருந்துவது அதிர்ஷ்டம்தான். தச்சர்கள் வேறு மாதிரி செய்வார்கள். ஆறு பக்கமும் அடைத்த முழுப் பெட்டியாக ஒட்டிவிட்டு, பசை நன்றாகக் காய்ந்ததும் சுற்றிலும் கோடு போட்டு மூடியை அறுத்து எடுப்பார்கள். ஒரே பெட்டியின் இரண்டு துண்டுகள் என்பதால், பெட்டியே கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் கோணலாக இருக்கும், விளிம்பு விலகாது.

ஒட்டும்போது நான்கு பக்கச்சுவர்களையும் மூலைமட்டம் வைத்துச் சரிபாருங்கள், இரண்டு மூலைவிட்டங்களின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்மூலைகளில் சிறு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை ஒட்டலாம், ஆனால் அறுக்கும் கோட்டுக்கு மேலும் கீழும் தனித்தனியாக. அறுக்கும் முன் ஒரு மூலையில் கோட்டின் இரு பக்கமும் பென்சிலால் அடையாளம் போட்டுவிடுங்கள், எது எதன் மேல் உட்கார வேண்டும் என்று பிறகு குழம்ப வேண்டாம். இரண்டு நீளப் பக்கங்களை அறுத்ததும், ரம்பத் தடிமனுக்குச் சமமான அட்டைத் துண்டுகளை அந்தப் பிளவில் செருகி, மேலே டேப் ஒட்டிவிட்டு மற்ற இரண்டு பக்கங்களை அறுங்கள். இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் மூடி அமுங்கி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். ரம்பம் 2 மி.மீ. அளவுக்கு மரத்தைத் தின்றுவிடும். வெளியே ரெக்ஸின் ஒட்டி விளிம்பில் உள்பக்கமாக மடிக்கும்போது, மேல்மடிப்பும் கீழ்மடிப்பும் சேர்ந்து ஏறக்குறைய அந்த இடைவெளியை நிரப்பிவிடும்.

ரெக்ஸின் ஒட்ட, இரண்டு பரப்பிலும் தடவிக் காயவிட்டு ஒட்டும் ரப்பர் பசைதான் சரி. விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே சேர்க்க வேண்டும். சேர்த்தபின் நகர்த்த முடியாது, அதனால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்திக்கொண்டு போங்கள். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள், அடுப்பு விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

கீலுக்கு, பின்பக்கம் முழுவதும் ஓடும் நீளமான பியானோ கீலே நல்லது. இரு முனைகளிலும் ஒவ்வொரு ஸ்க்ரூ மட்டும் போட்டு மூடிப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால்தான் மற்றவை. 6 மி.மீ. பலகையில் ஸ்க்ரூ மறுபுறம் எட்டிப் பார்க்கும், அதனால் உள்ளே ரீப்பர் வையுங்கள், அல்லது சிறு போல்ட்டும் நட்டும் போடுங்கள். கைப்பிடிக்கு உள்பக்கம் ஒரு உலோகத் தகடு கொடுக்காமல் விடவே கூடாது, முழு எடையும் இரண்டு துளையில்தான் தொங்குகிறது. மூடி சாய்ந்து விழாதபடி ஒரு பட்டையோ சங்கிலியோ கட்டி, 100 டிகிரி அளவில் நிற்கச் செய்யுங்கள்.

இனி வெளிச்சம். இந்தப் பெட்டியின் உயிரே அதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தப் படம் கடைசிவரை காட்டாது. திறக்கிறவரின் முகத்தில் விழும் பொன்னிறத்தைத்தான் பார்க்கிறோம். ஆகவே விளக்கு தெரிய வேண்டியதே இல்லை, அது எதன் மேல் பட்டுத் திரும்புகிறது என்பதுதான் கணக்கு.

உங்கள் பட்டை புள்ளியாகத் தெரிவதற்குக் காரணம் எளிது. மீட்டருக்கு 60 விளக்கு உள்ள பட்டையில் ஒரு விளக்குக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 17 மி.மீ. இருக்கும். மேலே வைக்கும் பால்வெள்ளை அக்ரிலிக் தகடு அந்த இடைவெளியைவிடத் தள்ளி, 20 முதல் 30 மி.மீ. தூரத்தில் இருந்தால்தான் புள்ளிகள் கலந்து ஒரே ஒளியாகும். அதைவிட எனக்குப் பிடித்த வழி, பட்டையை பக்கச்சுவர்களின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஒரு மறைப்புப் பட்டிக்குப் பின்னால், பெட்டியின் அடிப்பலகையைப் பார்த்து ஒட்டுவது. அந்த அடிப்பலகையில் பொன்னிற அட்டை விரியுங்கள். 2700 கெல்வின் மஞ்சள் கலந்த வெள்ளை ஒளி அதில் பட்டுத் திரும்பும்போது கிடைக்கும் நிறம் வேறு எதிலும் வராது. மூடியின் உள்துணி கறுப்பாக இருக்க வேண்டாம். வெளிர் பழுப்பு என்றால் எழும் ஒளியில் ஒரு பங்கை அதுவும் திறக்கிறவர் முகத்துக்கே திருப்பி அனுப்பும்.

மூடியிருக்கும்போது விளிம்பில் ஒளிக்கோடு தெரியக்கூடாது. அடிப்பெட்டியின் உள்சுவரில் விளிம்புக்கு மேல் 5 மி.மீ. எழும்பும்படி மெல்லிய மரப்பட்டி ஒட்டினால், அது மூடியை வழிநடத்தும், ஒளிக்கசிவையும் அடைக்கும். அதன் மேல்விளிம்பைச் சற்றுச் சரிவாகச் சீவிவிடுங்கள், குறிப்பாக முன்பக்கம், இல்லாவிட்டால் மூடி இடிக்கும்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் பட்டை என்றால் 8 ஏஏ அல்கலைன் பேட்டரி. திரும்ப சார்ஜ் செய்யும் நிக்கல் வகை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான். எட்டும் சேர்ந்து 9.6 வோல்ட் தருவதால் ஒளி மங்கும். மீட்டருக்கு 4.8 வாட் பட்டையில் அரை மீட்டர் போதும், 0.2 ஆம்பியர் இழுக்கும். 5 வோல்ட் பட்டையும் பவர் பேங்க்கும் சுத்தமான வழிதான். ஆனால் இழுவை மிகக் குறைவாக இருந்தால் பல பவர் பேங்க்குகள் தாமாகவே அணைந்துவிடும், வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள். உறையில்லாத லித்தியம் செல்லை ஃபோமுக்கு நடுவே புதைத்து வைக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள்.

சுவிட்ச்சில்தான் பலர் தலைகீழாக மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் காந்த சுவிட்ச், காந்தம் அருகில் வந்தால் இணையும். அதை மூடியில் மாட்டினால் பெட்டி மூடியிருக்கும்போது எரியும், திறந்தால் அணையும். மூன்று முனை உள்ளதை வாங்கி, காந்தம் விலகும்போது இணையும் முனையைப் பயன்படுத்துங்கள். நெம்புகோல் வைத்த மைக்ரோ சுவிட்ச்சும் இதே போலத்தான். இதைத் தவிர மறைவாக ஒரு சாதா சுவிட்ச்சும் தொடரில் இருக்கட்டும், காட்சிக்கு வைக்காத நாட்களில் பேட்டரி மிஞ்சும்.

ஃபோம் பிய்வதற்குக் காரணம் மொட்டைக் கத்தியும் அவசரமும். நீளமாக நீட்டக்கூடிய புதிய அலகை எடுத்து, ஒரே அழுத்தில் முடிக்காமல் ஒரே கோட்டில் மெதுவாகப் பலமுறை ஓட்டுங்கள். அட்டையில் அச்சு வெட்டி அதைச் சுற்றி அறுப்பது நல்லது. குழி லென்ஸைவிட 1 முதல் 2 மி.மீ. சிறியதாக இருந்தால்தான் கவ்விப் பிடிக்கும். இரண்டு அடுக்காகச் செய்யுங்கள், மேல் அடுக்கை முழுக்க ஊடுருவி வெட்டி, வெட்டாத கீழ் அடுக்கின் மேல் ஒட்டினால் குழியின் அடி சமமாக இருக்கும். விரல் நுழைய ஓர் அரைவட்டமும் விட்டுவையுங்கள்.

எந்த ஃபோம் என்பது வெட்டுவதைவிட முக்கியம். மெத்தையில் இருக்கும் பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு சில வருடங்களில் உதிர்ந்து பிசுபிசுவென்று ஆகிவிடும். லென்ஸ் மேல் அது ஒட்டினால் துடைப்பதே பெரும்பாடு. பொதிகட்டப் பயன்படும் அடர்த்தியான பாலிஎத்திலீன் ஃபோம் வாங்குங்கள். சூடான கம்பியால் வெட்டலாமா என்று கேட்பீர்கள். பாலிஎத்திலீனில், காற்றோட்டமான இடத்தில் வெட்டலாம். பாலியூரித்தேனிலும் பி.வி.சி.யிலும் கூடாது, வரும் புகை நச்சு.

பழசாக்குவது கடைசி வேலை, பலரும் அதிகமாகச் செய்து கெடுப்பதும் அதைத்தான். கை படும் இடத்திலும் தரை படும் இடத்திலும்தான் பெட்டி தேயும்: கைப்பிடியின் உள்வளைவு, கொண்டியைச் சுற்றி, அடிமூலைகள். அங்கே மட்டும் மெல்லிய உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு, நீர்த்த பழுப்பு அக்ரிலிக் வண்ணத்தைத் தடவி உடனே துடைப்பது, அவ்வளவு போதும். மூடியின் நடுவில் கீறல் போடாதீர்கள், அங்கே யாரும் எதையும் உரசுவதில்லை.

எண் பூட்டில் படத்தில் வரும் 666-ஐ வைக்க ஆசை இருக்கும், வையுங்கள். மூடி திறந்திருக்கும்போதே எண்ணை மாற்றி, திறந்த நிலையிலேயே சிலமுறை பூட்டித் திறந்து பார்த்த பிறகு மூடுங்கள். வெளியே எடுத்துப் போகும் நாளில் பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பியும் சுவிட்ச்சும் உள்ள பூட்டிய பெட்டியை விமான நிலையத்திலோ ரயிலிலோ கொண்டுபோவதைத் தவிர்ப்பது நல்லது, அங்கே உங்கள் விளக்கத்தைக் கேட்கும் மனநிலையில் யாரும் இருக்க மாட்டார்கள்.