ஒரு காதுல லெக்சர், ஒரு கையில ஸ்பூன்

கேள்வி: எனக்கு 36 வயசு. கல்யாணத்துக்கு முன்னாடி ஆசைப்பட்ட படிப்பை இப்பதான் டிஸ்டன்ஸ்ல ஆரம்பிச்சிருக்கேன், ஹெல்த் சயின்ஸ், ரெண்டாவது செமஸ்டர். ரெண்டு பசங்க, ஸ்கூல் போறாங்க. மாமியாருக்குப் போன வருஷம் ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் குழறும், நான்தான் பாத்துக்கறேன். கணவர் நல்லவர், படிக்காதேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. எனக்கு நேரமே கிடைக்காததால அத்தைக்குச் சாப்பாடு ஊட்டறப்போ ஒரு காதுல இயர்போன் மாட்டிகிட்டு லெக்சர் கேட்டுடுவேன், மூணு வேளைக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் அதுலயே ஓடிடும். அத்தை தொந்தரவு பண்ண மாட்டாங்க, அப்பப்ப புரையேறும், அவ்வளவுதான். ராத்திரி ஊட்டறப்போ அவர் வீட்லதான் இருப்பார், டயர்டா இருப்பாரேன்னு நான் கூப்பிடறதில்ல. இவ்வளவு பண்ணியும் பிசியாலஜில அரியர் விழுந்துடுச்சு. இந்த வயசுல டிஸ்டன்ஸ்ல படிச்சு முடிக்க முடியுமா, இந்த டிகிரிக்கு மதிப்பு இருக்கா, பேசாம விட்டுடலாமா?
பேர் வேண்டாம்

பதில்:

முடியுமா, மதிப்பு இருக்கா, விட்டுடலாமா, இந்த மூணு கேள்வியும் எனக்கு வந்துகிட்டேதான் இருக்கு, பதில் பின்னாடி சொல்றேன். உங்க லெட்டரைப் படிச்சுட்டு வந்த நான் நின்னுட்டது வேற ஒரு வரில. "அப்பப்ப புரையேறும், அவ்வளவுதான்."

ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு ஊட்டும்போது புரையேறுனா அது அவ்வளவுதான் இல்லம்மா. நீங்க படிக்கறது ஹெல்த் சயின்ஸ், அரியர் வெச்சிருக்கறது பிசியாலஜில, அதனால உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். நாம ஒரு வாய் முழுங்கறதுக்கு 25க்கும் மேல தசைங்க வரிசை தப்பாம வேலை செய்யணும். நாக்கு சாப்பாட்டைப் பின்னால தள்ளணும், குரல்வளை மேல ஏறணும், மூச்சுக்குழாய் வாசல் மூடிக்கணும், மூச்சு ஒரு கணம் நிக்கணும், உணவுக்குழாய் தொறக்கணும், தொண்டைல இது மொத்தமும் ஒரு நொடிக்குள்ள முடிஞ்சுடும். இதை நடத்தறது மூளை. ஸ்ட்ரோக் வந்த புதுசுல சுமாரா பாதிப் பேருக்கு இந்த வரிசை கெட்டுப்போகுது, நிறைய பேருக்குச் சில வாரத்துல சரியாகிடும், சில பேருக்கு ஆகறதில்ல. உங்க அத்தைக்கு ஒரு வருஷம் ஆகியும் புரையேறுதுன்னா அவங்க அந்தச் சில பேர்ல ஒருத்தரா இருக்கலாம். சாப்பாடு மூச்சுக்குழாய் பக்கம் தப்பிப் போகுது, இருமல் வந்து அதை வெளிய தள்ளுது, தள்ள முடியாத அன்னிக்கு அது நுரையீரலுக்குள்ள இறங்கும், நிமோனியா வரும். ஸ்ட்ரோக்ல பிழைச்சு வந்தவங்களைப் பின்னாடி கொண்டுபோற காரணங்கள்ல நிமோனியா முக்கியமான ஒண்ணு.

இதுலயும் மோசம் என்னன்னா சில பேருக்கு இருமலே வராது, சத்தமே இல்லாம உள்ள போயிடும். சாப்பிட்டு முடிச்சதும் குரல் ஈரமா கொளகொளன்னு மாறுறது, விழுந்த பக்கத்துக் கன்னத்துல சாப்பாடு ஒதுங்கி நிக்கறது, ஒரு வாய் முழுங்க ரெண்டு மூணு தடவை முயற்சி பண்றது, எதுக்குன்னே தெரியாம காய்ச்சல் வந்து வந்து போறது, ஆளு இளைச்சுகிட்டே போறது, இதெல்லாம் அடையாளம். டெஸ்ட் எடுத்து உறுதி பண்றது டாக்டரும் பேச்சு, விழுங்கல் பயிற்சி குடுக்கற தெரபிஸ்ட்டும். ஆனா முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஊட்டறவங்கதான், அதுக்கு அவங்க கண்ணு ரெண்டும் காது ரெண்டும் வேணும். நீங்க அதுல ஒரு காதை எடுத்து லெக்சருக்குக் குடுத்துட்டீங்க.

அத்தை தொந்தரவு பண்ண மாட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு ரெண்டு வரி முன்னாடி அவங்களுக்குப் பேச்சு குழறும்னும் நீங்கதான் எழுதியிருக்கீங்க. இந்த ரெண்டையும் நீங்க சேர்த்துப் படிச்சுப் பாக்கவே இல்ல, நான் படிச்சேன். "மெதுவா குடும்மா, இன்னும் முழுங்கல"ன்னு அவங்க எப்படிச் சொல்வாங்க? கையைத் தூக்கிக் காட்டலாம்னா வலது கை வராது. மருமக கண்ணு எங்கயோ இருக்கு, அடுத்த ஸ்பூன் வந்துகிட்டே இருக்கு, அவங்க வாயைத் தொறந்து வாங்கிக்கறாங்க, அதைப் போய் நீங்க தொந்தரவு இல்லைன்னு கணக்கு எழுதி வெச்சிருக்கீங்க. கோபமா எழுதறேன்னு தெரியுது. நீங்க கெட்டவங்கன்னு நான் நினைக்கல, ஒரு வருஷமா ஒரு பெரிய உயிரைத் தனியாளா தாங்கிட்டு இருக்கீங்க. ஆனா இந்த இடத்துல உங்களைத் தட்டிக் குடுத்தா நான் அவங்களுக்குத் துரோகம் பண்றேன்.

சரி, அந்த ஒன்றரை மணி நேரத்துல படிப்பாவது ஏறுதான்னா அதுவும் இல்ல, உங்க அரியரே சொல்லுது. 1953ல காலின் செரின்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை பண்ணார், ஆளோட ஒரு காதுல ஒரு பேச்சு, இன்னொரு காதுல வேற பேச்சு, ஒரு காதுல கேக்கறதை மட்டும் கூடவே திருப்பிச் சொல்லச் சொன்னார். முடிஞ்சப்புறம் மத்த காதுல என்ன ஓடுச்சுன்னு கேட்டா அவங்களால எதுவும் சொல்ல முடியல, ஆம்பளைக் குரல் பொம்பளைக் குரலா மாறுனது தெரிஞ்சுது, ஆனா நடுவுல இங்கிலீஷ் ஜெர்மனா மாறுனது கூட தெரியல. காதுல விழறதும் மனசுல ஏறறதும் வேற வேற. நீங்க அத்தையைக் கவனிச்ச நிமிஷம் லெக்சர் போச்சு, லெக்சரைக் கவனிச்ச நிமிஷம் அத்தை போனாங்க. மூணு வேளை, ஒன்றரை மணி நேரம், ரெண்டு பக்கமும் பாதிப் பாதி. அதுக்கு இயர்போனைக் கழட்டி வெச்சுட்டு கதவைச் சாத்திட்டு முக்கால் மணி நேரம் ஒழுங்கா உக்காந்தா அதை விட அதிகமா படிக்கலாம்.

அந்த முக்கால் மணி நேரம் எங்க இருந்து வரும்னு கேப்பீங்க. அதுக்கும் பதில் உங்க லெட்டர்லயே இருக்கு. ராத்திரி அவர் வீட்லதான் இருக்கார், நீங்க கூப்பிடறதில்ல. ஏம்மா கூப்பிடறதில்ல? அவங்க அவரைப் பெத்தவங்க. முதல் வாய் சோறை அவர் வாயில வெச்ச கை இப்ப எழுந்திரிக்க மாட்டேங்குது, அந்தக் கைக்குப் பதிலா இருக்க வேண்டிய முதல் கை மகனோடது, மருமகளோடது அப்புறம்தான். இது என்னோட உறுதியான நம்பிக்கை, யார் என்ன சொன்னாலும் மாத்திக்க மாட்டேன். பெத்தவங்களைப் பாத்துக்கற கடமை கல்யாணத்தோட பொண்டாட்டி பேருக்கு மாறிடாது. படிக்க வேண்டாம்னு சொல்லாதது நல்ல குணம்தான், ஆனா அது போதாது, படிக்க இடம் விட்டு ஒதுங்கி நிக்கறவர் உங்க இடத்துல வந்து உக்காரவும் செய்யணும். டயர்டா இருப்பார்னா நீங்க?

எங்கம்மா கடைசிக் காலத்துல படுத்த படுக்கையா இருந்தப்ப நான்தான் பாத்துகிட்டேன். என் தம்பி தினமும் வருவான், வாசல்படியிலயே நின்னு எப்படி இருக்காங்கன்னு கேப்பான், நானும் அவனுக்கு எதுக்குக் கஷ்டம்னு பரவால்லன்னு சொல்லி அனுப்பிடுவேன். அம்மா போனப்புறம் அவன் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "எனக்கு ஒரு நாளாவது ஊட்ட விட்டிருக்கலாம்லக்கா"ன்னு. அவனுக்குக் கஷ்டம் குடுக்காம காப்பாத்தறதா நினைச்சு அவனுக்கு உரிமையானதை எடுத்துகிட்டேன். உங்க வீட்டுக்காரருக்கு நீங்களும் இப்ப அதையேதான் பண்றீங்க. பேத்தி பேரன்களுக்கும் சேர்த்துதான் சொல்றேன், பாட்டி பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுக்கற வயசு வந்தாச்சு அவங்களுக்கு, ஆனா ஊட்டும்போது மட்டும் பேச்சு வேண்டாம், வாயில சாப்பாட்டோட பதில் சொல்லப் போனா அதுவும் புரையேறும்.

ஊட்டறவங்க யாரா இருந்தாலும் அத்தையை நல்லா நிமிர்த்தி உக்கார வெச்சுதான் குடுக்கணும், சாய்ஞ்ச மாதிரி கூடாது. சின்ன ஸ்பூன், குறைவா, வாய் காலியானதைப் பாத்த பிறகுதான் அடுத்தது. டிவி வேண்டாம், போன் வேண்டாம். முடிஞ்சதும் அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீங்க, வாயைச் சுத்தம் பண்ணுங்க, வாயில இருக்கற கிருமிதான் அந்தச் சாப்பாட்டோட சேர்ந்து நுரையீரலுக்குப் போறது. தண்ணி மாதிரி மெல்லிசா இருக்கறது சில பேருக்கு கெட்டியானதை விடச் சீக்கிரம் தப்பிப் போகும், அவங்களுக்கு எந்தப் பதம் சரின்னு தெரபிஸ்ட் பாத்துச் சொல்லணும், நீங்களா தண்ணியை நிறுத்திடாதீங்க, கெட்டியாக்கவும் செய்யாதீங்க. புரையேறற விஷயத்தை நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க, அடுத்த செக்கப் வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம். காய்ச்சலோ மூச்சு வாங்கறதோ இருந்தா நாளைக்குக் கூட இல்ல, இன்னிக்கே.

இப்ப உங்க மூணு கேள்விக்கு வரேன். முடியுமான்னா முடியும், வயசெல்லாம் ஒரு தடையே இல்ல. 1858லயே லண்டன் பல்கலைக்கழகம் எங்க படிச்சாலும் வந்து பரீட்சை எழுதலாம்னு கதவைத் தொறந்து விட்டுடுச்சு, பிரிட்டன்ல 1969ல ஓப்பன் யூனிவர்சிட்டி வந்ததே வேலைக்கும் வீட்டுக்கும் நடுவுல படிக்கறவங்களுக்காகத்தான். மதிப்பு இருக்கான்னு கேட்டா அது நீங்க அந்தப் படிப்பை வெச்சு என்ன பண்ணப் போறீங்கன்றதைப் பொறுத்தது, இதை எழுதாம விட்டுட்டீங்க. பொது சுகாதாரம், தொற்று நோய் எப்படிப் பரவுதுன்னு கணக்குப் போடறது, புள்ளியியல், மருத்துவமனை நிர்வாகம், சுகாதாரக் கல்வி, இதெல்லாம் வீட்ல இருந்து நல்லாவே படிக்கலாம். 1854ல லண்டன்ல காலரா வந்தப்ப ஜான் ஸ்நோன்னு ஒரு டாக்டர் செத்தவங்க வீடு எது எதுன்னு பாத்து விசாரிச்சுதான் நோய்க்குக் காரணமான ஒரு தண்ணிக் குழாயைக் காட்டிக் குடுத்தார், அந்த மாதிரி யோசிக்கறதைப் புத்தகத்துல இருந்து கத்துக்கலாம். ஆனா நர்ஸிங், பிசியோதெரபி, லேப் வேலை இதுக்கெல்லாம் நோயாளிகிட்டயோ லேப்லயோ, மேற்பார்வைல, இத்தனை மணி நேரம் நின்னு வேலை பாத்திருக்கணும், அது இல்லாம எந்தக் கவுன்சிலும் உங்களைப் பதிவு பண்ணாது. அதனால உங்க நாட்ல அந்த வேலைக்கு உரிமம் தர்ற கவுன்சில்கிட்ட நேரா கேளுங்க, கோர்ஸ் நடத்தறவங்க விளம்பரத்தை நம்பாதீங்க. நேர்ல போக வேண்டிய பிராக்டிகல் எத்தனை நாள், எங்கன்னு எழுத்துல வாங்கிக்கோங்க, அந்த நாட்கள்ல அத்தையை யார் பாப்பாங்கன்னு இப்பவே வீட்ல பேசி முடிவு பண்ணுங்க. அடுத்த ஃபீஸ் அப்புறம் கட்டலாம்.

விட்டுடலாமான்னா, விடாதீங்க. ஆனா ஊட்டற நேரத்துல திருடிப் படிக்கறதை இன்னிக்கே நிறுத்துங்க. கணவரை உக்கார வெச்சு நேராவே சொல்லுங்க, "ராத்திரி சாப்பாடு இனிமே நீங்கதான் அம்மாவுக்கு ஊட்டணும், அந்த நேரத்துல நான் கதவைச் சாத்திகிட்டுப் படிக்கப் போறேன்"னு. கெஞ்சாதீங்க, சண்டையும் போடாதீங்க, தகவலாச் சொல்லுங்க. அவருக்குக் கூடப்பிறந்தவங்க இருந்தா வாரத்துல ரெண்டு வேளை அவங்க வரணும், வெளியூர்ல இருக்கேன்றவங்க உதவிக்கு ஒரு ஆள் வெக்கறதுக்குப் பணம் அனுப்பணும்.

முதல் ஒரு வாரம் மட்டும் படிக்கப் போகாம பக்கத்துலயே உக்காருங்க. ஸ்பூன் அவர் கையில இருக்கட்டும், நீங்க அத்தையோட தொண்டையைப் பாருங்க, ஒவ்வொரு வாய்க்கும் குரல்வளை மேல ஏறி இறங்குதா, எவ்வளவு நேரம் கழிச்சு ஏறுது, எதைக் குடுத்தா இருமல் வருது, முடிஞ்சப்புறம் குரல் எப்படி இருக்கு, தேதி போட்டு ஒரு நோட்ல எழுதுங்க. டாக்டர்கிட்ட போகும்போது அந்த நோட்டைக் கொண்டு போங்க. அரியர் பேப்பருக்குத் திரும்பப் படிக்க ஆரம்பிக்கறப்ப முழுங்கறதைப் பத்தின பாடத்தை முதல்ல தொறங்க.