டான்சானியாவுக்குப் புறப்படும் கோவிலூர் தங்கச்சிக்கு

தங்கச்சி, கன்னியர் சபையிலிருந்து டான்சானியாவுக்கு அனுப்புகிறார்கள் என்று நீ எழுதியிருந்ததில் கோவிலூர் என்று ஊர் பெயர் போட்டிருந்ததைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் எலத்தகிரி. 2003-ல், உன்னுடைய இதே 24 வயதில், கன்னியராக முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி கொடுத்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகாதபோது டான்சானியா வந்தவள். இன்னும் இங்கேதான் இருக்கிறேன், விக்டோரியா ஏரிக்குத் தெற்கே, ஷின்யாங்கா பக்கம் ஒரு கிராமத்து டிஸ்பென்சரியில் நர்ஸாக.

ஜனவரியில் அனுப்புகிறார்கள், சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாமா, என்னென்ன எடுத்து வர வேண்டும், நெட் கிடைக்குமா, வீட்டுக்கு எப்போது விடுவார்கள் என்று கேட்டிருக்கிறாய். நெட் கிடைக்கும். துணி இங்கேயே எடுத்துத் தைத்துக்கொள்ளலாம், பெட்டியை அதில் நிரப்பாதே. லீவு உன் சபை விதிப்படி, எங்களுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை. மஞ்சள் காய்ச்சல் ஊசியை மட்டும் புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுவிடு, சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும். மற்றதெல்லாம் வந்த பிறகு தானாகத் தெரியும். அந்த ஆங்கிலக் கேள்விக்குத்தான் நான் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும்.

ஆங்கிலம் போதாது. போதும் என்று உனக்குச் சொன்னவர்கள் மடத்து கேட்டுக்கு வெளியே அதிகம் போகாதவர்களாக இருப்பார்கள். இங்கே நூற்றிருபது இனங்களுக்கு மேல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஷை, அத்தனை பேரையும் சேர்த்துக் கட்டியிருப்பது சுவாஹிலி. முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரே பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர், இன்றைக்கும் அவரை முவாலிமு, அதாவது வாத்தியார் என்றுதான் சொல்கிறார்கள். அவர் காலத்தில் தொடக்கப் பள்ளி முதல் அரசு அலுவலகம் வரை சுவாஹிலியைக் கொண்டுவந்தார்கள். கடை, பஸ், பூசை, ஆஸ்பத்திரி, சண்டை சச்சரவு எல்லாமே அதில்தான் நடக்கும். எங்கள் பக்கம் சுகுமா இனத்து மக்கள், வயதான பாட்டிகளுக்கு சுவாஹிலியே அரைகுறைதான், சுகுமா பேசினால்தான் மனசு திறக்கும். ஆக ஒரு பாஷை இல்லை, உனக்கு இரண்டு பாஷை காத்திருக்கிறது.

அதற்காகப் பயப்படாதே. நாம் கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள். சந்தையில் விற்கிறவர் தெலுங்கில் விலை சொல்ல, வாங்குகிறவர் கன்னடத்தில் பேரம் பேச, சில்லறையைத் தமிழில் எண்ணித் தருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இன்னொரு பாஷை பெரிய மலை இல்லை. சுவாஹிலியும் தமிழ் மாதிரி ஒட்டு வைத்துக் கட்டுகிற பாஷைதான், நாம் வால்பக்கம் ஒட்டுவதை அவர்கள் தலைப்பக்கம் ஒட்டுகிறார்கள். 'நிலிகுஜா' என்றால் வந்தேன். நி என்பது நான், லி என்பது நடந்து முடிந்த காலம், குஜா என்பது வருவது. இது பிடிபட்டுவிட்டால் மூன்று மாதத்தில் வாய் திறந்துவிடும். முசோமாவில், ஏரிக்கரையில், மக்கோக்கோ என்ற இடத்தில் மிஷனரிகளுக்கான மொழிப்பள்ளி இருக்கிறது. உன் மேலதிகாரி சிஸ்டரிடம் கெஞ்சியாவது முதலில் அங்கே போ.

எனக்கு அந்த வாய்ப்பு முதலில் கிடைக்கவில்லை. டிஸ்பென்சரியில் ஆள் இல்லை, உடனே வா என்றார்கள். நானும் நர்ஸிங் படித்திருக்கிறேன் என்கிற தைரியத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஊசி போடவும் மாத்திரை எண்ணவும் பாஷை எதற்கு என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம். ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், முதுகில் துணியால் கட்டிய குழந்தையோடு வந்தாள். குழந்தைக்கு லேசான காய்ச்சல், மருந்து கொடுத்து, நாளைக்கு மூன்று மணிக்குத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். எண்கள் மட்டும் எனக்குத் தெரியும், 'சா தாத்து' என்றேன். சா என்றால் மணி, தாத்து என்றால் மூன்று. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். இங்கே மணிக்கணக்கு வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நம் பஞ்சாங்கத்தில் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணுவார்களே, அதே மாதிரி இவர்கள் விடியலிலிருந்து எண்ணுகிறார்கள், காலை ஏழு மணிதான் முதல் மணி. சா தாத்து என்றால் காலை ஒன்பது. பிற்பகல் மூன்றுக்கு 'சா திசா' என்று சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் நான் காலையில் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அந்த அம்மா மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மணிக்கே வந்து ஆறு மணி நேரம். குழந்தையின் நெற்றியில் கை வைத்தேன், அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி இருந்தது. உதடு வெடித்திருந்தது. அவசர அவசரமாக நெற்றியைத் துடைத்து, விரலில் குத்திப் பார்த்து, மலேரியா என்று தெரிந்து மருந்து கொடுத்து, ராத்திரி முழுக்க அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். குழந்தை பிழைத்தது. உதவிக்கு இருந்த வேதியர், அதாவது கோவிலில் மறைக்கல்வி சொல்லித் தருகிறவர்தான் எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்று நடந்ததை விளக்கினார். நான் அழுதுவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'போலே, சிஸ்டா, போலே' என்றாள்.

போலே என்பதற்குத் தமிழில் ஒரே சொல் இல்லை. மன்னிப்பு கேட்கிற சொல் இல்லை அது. உன் கஷ்டம் எனக்குத் தெரிகிறது என்று சொல்வது. கல் தடுக்கினாலும் சொல்வார்கள், வேலை செய்து களைத்து வந்தாலும் சொல்வார்கள். ஆறு மணி நேரம் வெயிலில் காத்திருந்தவள் எனக்கு அதைச் சொன்னாள். மறுவாரமே மொழிப்பள்ளிக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினேன்.

வணக்கம் சொல்லப் பழகிக்கொள். ஜாம்போ எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு. பெரியவர்களைக் கண்டால் 'ஷிகமூ', உன் காலைப் பிடிக்கிறேன் என்று அர்த்தம், அவர்கள் 'மராஹபா' என்பார்கள். அப்புறம் வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி, ராத்திரி எப்படிப் போனது என்று வரிசையாகக் கேட்டு முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும். வாசலில் நின்று 'ஹோதி' என்று குரல் கொடு, உள்ளேயிருந்து 'கரிபு' வரும்வரை காலை வைக்காதே. நம் ஆட்கள் பலர் இதை நேர விரயம் என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். எங்கள் பாட்டி சின்ன வயதில் பார்த்த பிரெஞ்சுச் சாமியாரைப் பற்றிக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தர்மபுரி மறைமாவட்டம் 1997-ல்தான் வந்தது, அதற்கும் சேலம் மறைமாவட்டத்துக்கும் முன்பிருந்தே பாரிஸ் மிஷன் சாமியார்கள் நம் பக்கம் குதிரையிலும் நடையிலும் சுற்றியவர்கள். அவர் என்ன கட்டினார், எவ்வளவு பணம் கொண்டுவந்தார் என்று பாட்டிக்குத் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து, மாடு கன்று போட்டதா என்று தமிழில் கேட்டார், களியை உருட்டி விழுங்கினார், அவ்வளவுதான் பாட்டிக்கு ஞாபகம்.

களி என்றதும் சாப்பாட்டுக் கேள்வி வருகிறது. உனக்கு ஒரு கஷ்டமும் இருக்காது. உகாலி என்று மக்காச்சோள மாவில் கிண்டுவார்கள், கிண்டுகிற விதம், கையில் உருட்டி நடுவில் கட்டைவிரலால் குழி வைத்துக் கீரையைத் தொட்டுச் சாப்பிடுகிற விதம், எல்லாம் நம் வீட்டுக் களிதான். ம்ச்சிச்சா என்பது நம் தண்டுக்கீரைக்குச் சொந்தம். ஏரியில் பிடிக்கிற தகா என்ற பொடிமீனைக் காயவைத்து விற்பார்கள், நெத்திலிக் கருவாடு மாதிரி இருக்கும். அம்மா எனக்கு மூன்று கிலோ ராகி மாவு கட்டிக் கொடுத்திருந்தார், இரண்டு மாதத்தில் தீர்ந்துபோய் டப்பாவை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சந்தையில் சாக்கை விரித்துச் சிவப்பாகக் குவித்து வைத்திருந்ததைப் பார்த்துக் கையை விட்டு அள்ளினேன். ராகி. இங்கே உலேசி என்கிறார்கள், கூழ் காய்ச்சிக் குழந்தைகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் கொடுக்கிறார்கள். பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன், ராகியே கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதியில் தோன்றி ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பு நம் நாட்டுக்கு வந்த பயிராம். மாங்காயும் உண்டு, ஆனால் நமக்கு மே, ஜூன் என்றால் இங்கே நவம்பர், டிசம்பர்.

அதனால்தான் சொல்கிறேன், பெட்டி நிறைய சாம்பார் பொடியும் ஊறுகாயும் அடைத்துக்கொண்டு வந்து தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களோடு சேராதே. ஆசைக்கு ஒரு பாட்டில் ஊறுகாய் சரி. ஆனால் ஒரே மடத்தில் இந்தியச் சகோதரிகளுக்கு ஒரு பானை, ஆப்பிரிக்கச் சகோதரிகளுக்கு ஒரு பானை வைத்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன், மேசையில் தமிழிலும் மலையாளத்திலும் பேசிச் சிரிக்கும்போது பக்கத்தில் இருக்கிற இந்த ஊர்ப் பெண் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது பாவம் என்றே நான் நினைக்கிறேன். உன்னைத் தெருவில் 'ம்ஹிந்தி' என்று கூப்பிடுவார்கள், இந்தியர் என்று அர்த்தம், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருக்கிறவர்கள் என்கிற நினைப்பும் அதில் கலந்திருக்கும். தலைமுறை தலைமுறையாக இங்கே கடை வைத்திருக்கும் நம் நாட்டவர்களில் நல்லவர்கள் ஏராளம், எங்கள் டிஸ்பென்சரிக்கே கொடுத்திருக்கிறார்கள், ஆனால் வேலைக்காரரை ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடாத வீடுகளும் உண்டு. அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள். அப்புறம் மூக்கு ஒழுகுகிற குழந்தையைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பாதே. உன் அக்கா பிள்ளையை அப்படி எடுக்க விடுவாயா? லீவுக்குப் போனால் சொந்தக்காரர்களே, அங்கே எல்லாம் கறுப்பாக இருப்பார்களே, பயமாக இல்லையா என்று கேட்பார்கள். நான் எழுந்து போய்விடுவேன்.

காய்ச்சல் விஷயம் முக்கியம். கொசுவலை இல்லாமல் ஒரு ராத்திரிகூடப் படுக்காதே. நம் உடம்புக்கு இந்த மலேரியா பழக்கமே இல்லை. காய்ச்சல் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே, விரலில் குத்திப் பார்த்தால் இருபது நிமிஷத்தில் தெரிந்துவிடும். லீவில் ஊரில் இருக்கும்போது காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியா பாருங்கள் என்று நீயாகச் சொல். நான் சொல்லாமல் விட்டு, ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் டைபாய்டு மருந்து சாப்பிட்டு, நாலாவது நாள் எழுந்து நிற்க முடியாமல் போனது.

வீட்டுக்கு எப்போது விடுவார்கள் என்று கேட்டாயே, அதை மேலே ஒரு வரியில் தள்ளிவிட்டேன். முழுசாகவே சொல்கிறேன். அப்பா 2009-ல் இறந்தார். தகவல் ராத்திரி வந்தது. நான் முவான்சா போய், விமானம் பிடித்து, பெங்களூர் வந்து எலத்தகிரி சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும், காத்திருக்க முடியாது என்று அண்ணன் சொன்னான். போகவில்லை.

விடிந்து கதவைத் திறந்தால் மடத்து முற்றத்தில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். இங்கே சாவு வீட்டை ம்சிபா என்பார்கள், அக்கம்பக்கத்தார் வந்து தங்கிவிடுவார்கள், அந்த வீட்டார் தனியாகத் தூங்கக் கூடாது. ஆனால் சாவு எலத்தகிரியில் நடந்திருக்கிறது, இவர்களில் ஒருத்தரும் என் அப்பாவைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஜுமுயியா, நம் அன்பியம் மாதிரியே அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற குழு, அதன் தலைவி பெரிய பானையைக் கொண்டுவந்து முற்றத்தில் அடுப்புக் கூட்டினாள். மூன்று நாள் இருந்தார்கள். உன் அப்பா எப்படி இருப்பார் என்று கேட்டார்கள், புளி உலுக்குவார், மாட்டோடு பேசுவார் என்று எனக்குத் தெரிந்த சுவாஹிலியில் சொல்லச் சொல்ல, சுகுமா மட்டுமே தெரிந்த பாட்டிகளுக்கு ஒருத்தி எடுத்துச் சொன்னாள். 2003-ல் மாமரத்தடியில் காத்திருந்த அந்த அம்மாவும் வந்திருந்தாள், ஆறு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு.

மூன்றாம் நாள் தலைவி ஒரு நோட்டைக் கொடுத்தாள். ரம்பிரம்பி என்று துக்க வீட்டுக்குப் பணம் போடுவார்கள், நம் மொய் மாதிரியே பெயரும் தொகையும் வரிசையாக எழுதியிருந்தது. ஐந்நூறு ஷில்லிங், இருநூறு ஷில்லிங், காசு இல்லாதவர்கள் பெயருக்கு நேரே ஒரு கிண்ணம் மாவு, இரண்டு முட்டை. மொத்தம் 41 பெயர். நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதிலுள்ள ஒரு வீட்டில் சாவு என்று கேள்விப்பட்டால் பாயை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், வந்து அந்தப் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போடுவேன். இதுவரை 17 கோடு.