காரின் ரேடாரையும் ரேடியோவையும் கணினியையும் ஏன் இணைக்க வேண்டும்?

அலையை அனுப்பி அதன் எதிரொலியால் சுற்றியுள்ளவற்றைக் கண்டறியும் ரேடார், பிற வாகனங்களோடு செய்தி பரிமாறும் ரேடியோ (பாட்டுக் கேட்கும் ரேடியோ அல்ல), கணினி ஆகிய இம்மூன்றும் தனித்தனியாகவே நன்றாக இயங்கும்போது இணைப்பதால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். நின்றிருக்கும் லாரியின் மறைவிலிருந்து குறுக்கே வரும் சைக்கிளை உங்கள் காரின் ரேடார் பெரும்பாலும் காணாது. எதிரே வரும் கார் பார்த்து ரேடியோ வழியே சொன்னால்தான் உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 100 மில்லிநொடிக்குள், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள், ஏறக்குறைய 2.8 மீட்டர் நகர்ந்துவிடும் என்பதால், கேமரா காட்சியை முழுவதுமாகத் தொலைதூர சர்வருக்கு அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருப்பதைவிட, காரிலோ சாலையோரக் கணினியிலோ அதை அலசி, சைக்கிளின் இடம், வேகம், திசை ஆகியவற்றை மட்டும் சிறு செய்தியாக அனுப்புவதே உசிதம். ரேடாரையும் ரேடியோவையும் இணைத்தால், ஒரே அலையால் செய்தியை அனுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு தொலைவையும் அளக்கலாம். ஆனால் அலைவரிசையையும் மின்திறனையும் செய்தி அனுப்புவதும் தொலைவு அளப்பதும் பங்குபோட வேண்டியிருப்பதால், ஒன்றுக்குக் கூட்டினால் மற்றதற்குக் குறையும்; இந்தப் பங்கீடுதான் உண்மையான சிக்கல் என்பேன்.